மாடித்தோட்ட டெலிகிராம் குழுவில் வம்பு இழுப்பவர்: எப்படிச் சமாளிப்பது?

மாடித்தோட்டக்காரி_கோவை

வணக்கம். மாடித்தோட்டத்துக்கான ஒரு டெலிகிராம் குழுவில் நானும் ஓர் அட்மின். விதைப் பரிமாற்றம், பூச்சி பற்றிய சந்தேகம், அறுவடைப் படம், அங்கே பேச்சு இவ்வளவுதான். ஆனால் ஒரே ஓர் உறுப்பினரால் குழு எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கிறது.

யாராவது பஞ்சகவ்யம் (சாணம், கோமியம், பால், தயிர், நெய் கலந்த இயற்கைக் கரைசல்) என்று எழுதினால் போதும், "ஆதாரம் எங்கே" என்பார். ஆதாரம் கொடுத்தால் "இதை எழுதினவனுக்கு யார் காசு குடுத்தா" என்பார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் தக்காளி இலை சுருள்கிறது என்று படம் போட்டால், "தண்ணி ஊத்தவே தெரியாதவங்களுக்கு எதுக்குங்க தோட்டம்" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் போடுவார். அதற்குப் பத்துப் பேர் சண்டைக்குப் போவார்கள். கேள்வி கேட்டவர் அதோடு காணாமல் போய்விடுவார்.

கெட்ட வார்த்தை ஒன்றுகூட எழுதுவதில்லை, அதனால் எந்த விதியைக் காட்டி நீக்குவது என்று தெரியவில்லை. "தூக்கிடுங்க" என்று பாதிப் பேர், "கேள்வி கேட்டா தூக்குவீங்களா, இது என்ன சர்வாதிகாரமா" என்று மீதிப் பேர்.

அவர் உண்மையிலேயே சந்தேகம் கேட்பவரா, வம்புக்காரரா? கண்டுகொள்ளாமல் விட்டால் அடங்குவாரா? நீக்குவதென்றால் குழு உடையாமல் எப்படி நீக்குவது?

---

பழைய_அரட்டை

அவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஆராயாதீர்கள். அட்மின்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு முழிப்பது அங்கேதான். "நல்ல எண்ணத்துலதான் கேக்குறாரோ என்னவோ" என்று ஒருவர், "வேணும்னே பண்றான்" என்று இன்னொருவர். இந்தப் பஞ்சாயத்து தீரவே தீராது. நீங்கள் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: பதில் கிடைத்தபின் அந்த ஆள் என்ன செய்கிறார்?

அடுத்த முறை பஞ்சகவ்யத்துக்கு ஆதாரம் கேட்டால், சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு தகவலை மட்டும் கொடுங்கள். உதாரணமாக: "தெளிப்பதற்கு 3 சதவீதக் கரைசல், அதாவது 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு இது." நிஜமாகவே சந்தேகம் உள்ளவர் அந்தப் பதிலைக் கையில் எடுப்பார். எந்தப் பயிரில் பார்த்தார்கள் என்று கேட்பார், அளவை மறுப்பார், இல்லையென்றால் "சரி" என்று நகர்வார். எரிச்சலூட்டும் தொனியில் கேட்டாலும் இவர் குழுவுக்கு வேண்டியவர். பஞ்சகவ்யம் ஊற்றினால் எல்லா நோயும் போய்விடும் என்று அளப்பவர்கள் எந்தத் தோட்டக் குழுவிலும் உண்டு. அவர்களைத் தட்டிக்கேட்க ஆள் தேவை.

வம்புக்காரர் பதிலைத் தொடமாட்டார். "அந்தப் பல்கலைக்கழகமே அப்படித்தான்", "நீங்க எந்தக் கட்சி", "அப்ப யூரியா போட்டவன் எல்லாம் முட்டாளா" என்று அடுத்த வரப்புக்குத் தாவிவிடுவார். இப்படிப் பதிலைத் தொடாமல் தாவுவது மூன்று முறை நடந்தால் தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மற்ற உறுப்பினர்களிடம் பேசும்போது உங்கள் கையில் இருக்கவேண்டியது அந்தப் பட்டியல்தான். "அவர் ஆளே சரியில்லை" என்ற பேச்சு எடுபடாது.

நீங்கள் சொன்ன இரண்டு பழக்கங்களில் பஞ்சகவ்யச் சண்டையைவிடத் தக்காளிக்காரரை நக்கலடித்ததுதான் பெரிய சேதம். ஆதாரச் சண்டையில் இருப்பவர்கள் பழைய கைகள், தாங்கிக்கொள்வார்கள். புதிதாக வந்தவர் ஒருமுறை அவமானப்பட்டால் திரும்பமாட்டார். அதைப் படித்துக்கொண்டு பேசாமல் இருந்த மற்றப் புதியவர்களும் வாயைத் திறக்கமாட்டார்கள். இந்த இழப்பு அட்மின் கண்ணில் படவே படாது, ஏனென்றால் அவர்கள் புகார் கொடுப்பதில்லை.

கண்டுகொள்ளாமல் விட்டால் அடங்குவாரா என்பதற்கு ஓரளவு விடை உண்டு. ஜஸ்டின் செங்கும் உடன் ஆய்வாளர்களும் 2014-ல் நான்கு பெரிய செய்தித் தளங்களின் பின்னூட்டங்களை ஆராய்ந்தார்கள். எதிர்ப்பு ஓட்டு வாங்கியவர்கள் அடங்கவில்லை. முன்னைவிட அதிகமாக எழுதினார்கள், எழுத்தின் தரமும் இறங்கியது, மற்றவர்களுக்கும் எதிர்ப்பு ஓட்டுகளாகப் போட்டுத் தள்ளினார்கள். தளத்தைவிட்டு அதிகம் விலகியவர்கள், எந்த எதிர்வினையும் கிடைக்காதவர்கள். ஆகவே உங்கள் குழுவின் அந்தப் பத்துப் பேர் திட்டித் தீர்ப்பது அவருக்குத் தண்டனை இல்லை, சம்பளம்.

இன்னொன்றும் உண்டு. அதே செங் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு. சிலருக்கு எளிய தேர்வும் சிலருக்குக் கடினமான தேர்வும் வைத்துவிட்டு, ஒரு கட்டுரைக்குப் பின்னூட்டம் எழுதச் சொன்னார்கள். எளிய தேர்வு எழுதி, ஏற்கெனவே அமைதியான பின்னூட்டங்கள் இருந்த பக்கத்தைப் பார்த்தவர்களின் பின்னூட்டங்களில் சுமார் 35 சதவீதம் வம்புத்தனமாக இருந்தன. கடினமான தேர்வில் நொந்துபோய், ஏற்கெனவே வம்புப் பின்னூட்டங்கள் இருந்த பக்கத்தைப் பார்த்தவர்களிடம் அது 68 சதவீதம். ஆட்கள் சாதாரண ஆட்கள்தான். மனநிலையும் மேலே கிடந்த பின்னூட்டமும் சேர்ந்து அப்படி எழுதவைத்தன. அந்தச் சண்டைக்காரப் பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் நாளைக்கு உங்களுக்கு இதே தலைவலியைக் கொடுக்கலாம். முதல் நக்கல் பதில் எவ்வளவு நேரம் கண்ணில் படும்படி கிடக்கிறது என்பது ஆள் யார் என்பதைவிட முக்கியம்.

---

ராகினி_மாடரேட்டர்

மேலே சொன்னதுல பெரும்பகுதி சரி. ஆனா "கண்டுக்காம விடு"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனா பாதிக் கிணறுதான். கவனம் தேடுற ஆளுக்கு அது வேலை செய்யும். ஒரு ஆளைக் குறிவெச்சு அடிக்கிறப்ப அது வேலை செய்யாது, ஏன்னா அடி வாங்கினவங்களுக்கு உங்க அமைதி எப்படித் தெரியும்? "இத்தனை பேர் பாத்துட்டு ஒருத்தர்கூட வாயத் திறக்கல" அப்படின்னுதான் தெரியும்.

அதனால வம்புக்காரருக்குப் பதில் போடாதீங்க, தக்காளிக்காரருக்குப் போடுங்க. உடனே போடுங்க. "இது வைரஸா இருக்கலாம், வெள்ளை ஈ பரப்பும். இலைக்கு அடியில பாருங்க. வைரஸ்னா அந்தச் செடி தேறாது, பிடுங்கி அப்புறப்படுத்துங்க, மத்த தொட்டிகள் பக்கத்துல மஞ்சள் ஒட்டுப்பொறி மாட்டுங்க." இப்படி ரெண்டு பேர் உருப்படியா எழுதிட்டா நக்கல் பதில் மேல ஏறிப் போயிடும், கேட்டவருக்கும் மரியாதை மிஞ்சும். உங்க குழுவுல நல்லா எழுதுற நாலஞ்சு பேர்கிட்ட தனியா சொல்லி வைங்க: நக்கல் பதில் கண்ணுல பட்டா அட்மினைக் கூப்பிடணும், கேள்விக்குப் பதில் போடணும், மூணாவதா ஒண்ணும் பண்ணக்கூடாது.

இப்ப டெலிகிராம் பக்கம். உங்களுக்கு வேண்டிய கருவி எல்லாம் அதுலயே இருக்கு.

சண்டை சூடாகும்போது முதல்ல ஸ்லோ மோட், அதாவது ஒரு மெசேஜ் போட்டவர் அடுத்ததுக்குக் கொஞ்ச நேரம் காத்திருக்கணும். குழுப் பேரைத் தட்டி, எடிட் போய், பெர்மிஷன்ஸ்ல இருக்கும். சில விநாடியிலேர்ந்து 1 மணி நேரம் வரைக்கும் வைக்கலாம். 10 விநாடி, 30 விநாடி எல்லாம் சும்மா. 5 நிமிஷம் வெச்சீங்கன்னா சண்டை செத்துடும், ஏன்னா கோபத்துல அடுக்கடுக்கா எழுத முடியாது. அட்மினுக்கு இந்தத் தடை கிடையாது. அதுதான் ஆபத்தும்: எல்லார் கையும் கட்டியிருக்கிற நேரத்துல ஒரு அட்மின் மட்டும் அஞ்சு மெசேஜ் போட்டா அது அடாவடியாத்தான் தெரியும். நீங்களும் ஒண்ணோட நிறுத்திக்கணும். ஒரு மணி நேரத்துல மறக்காம எடுத்துடுங்க.

அடுத்தது தனி ஆளுக்குத் தடை. அவர் பேரைத் தட்டிப் பேசுற அனுமதியை மட்டும் 1 நாளோ 1 வாரமோ எடுத்துடலாம். ஆள் குழுவுலயே இருப்பார், படிப்பார், எழுத முடியாது. முதல் தடவை 1 நாள், அடுத்து 1 வாரம், மூணாவதுக்கு வெளியே. இந்த வரிசையை முன்கூட்டியே எழுதி மேல பின் பண்ணிடுங்க.

முழுசா நீக்குறப்ப அவர் போட்ட மொத்தத்தையும் அழிக்கவான்னு கேக்கும். கண்ண மூடிட்டு டிக் போடாதீங்க. நல்ல கேள்வியும் அதுக்கு வந்த நல்ல பதிலும் சேர்ந்து குலைஞ்சுடும். நக்கல் பதிலையும், அதுக்குக் கீழ சண்டைக்குப் போனவங்க எழுதினதையும் சேர்த்துக் கையால அழிங்க. அவரோடத மட்டும் அழிச்சா, மத்தவங்க காத்தோட சண்டை போட்ட மாதிரி நிக்கும், பின்னாடி வந்து படிக்கிறவன் அவங்களைத்தான் தப்பா நினைப்பான்.

அழிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட். ரீசன்ட் ஆக்‌ஷன்ஸ்ல (அட்மின்கள் என்ன செஞ்சாங்கன்னு காட்டுற பட்டியல்) அழிச்ச மெசேஜ் 48 மணி நேரம்தான் தெரியும், அப்புறம் போச்சு.

எச்சரிக்கை அனுப்புறது எப்படின்னு நிறைய பேருக்குத் தெரியல. தனி மெசேஜ்ல உக்காந்து அவருக்குப் பாடம் எடுப்பாங்க. அவர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவுல போட்டு "பாருங்க அட்மின் மிரட்டுறாங்க"ம்பார். எதை எழுதினாலும் நாளைக்கு எல்லாரும் படிப்பாங்கன்னு நினைச்சே எழுதுங்க. இவ்வளவு போதும்:

"உங்கள் இந்தப் பதிவு விதி 2-ன்படி நீக்கப்பட்டது. 24 மணி நேரம் எழுத இயலாது. ஆட்சேபம் இருந்தால் இந்த எண்ணுக்கு ஒரு முறை எழுதலாம். வேறொரு அட்மின் பார்த்து முடிவு சொல்வார்."

அவ்வளவுதான். "உங்க நல்லதுக்குத்தான்", "உங்களை மதிக்கிறோம், ஆனா..." எதுவும் வேண்டாம். திருப்பி எழுதினா முடிவு சொல்ற அட்மின் ஒரு தடவை பதில் சொல்வார், ரெண்டாவது தடவை கிடையாது. நீக்கினதுக்கு அப்புறம் குழுவுல பேரைச் சொல்லி அறிவிப்புப் போடாதீங்க. அதை வெச்சு அவர் வேற குழுவுல தியாகி ஆயிடுவார்.

கெட்ட வார்த்தை இல்லாததால நீக்க முடியலன்னீங்க. விதியைத் தப்பா எழுதியிருக்கீங்கன்னு அர்த்தம். "மரியாதையாகப் பேசவும்"ங்கிற விதியால ஒரு பிரயோஜனமும் இல்ல, எது மரியாதைன்னு சண்டை வரும். கண்ணால பாத்துச் சொல்லக்கூடிய மாதிரி எழுதுங்க: "உதவி கேட்டவரின் கேள்விக்குப் பதிலாகாத கிண்டல் நீக்கப்படும்." "ஆதாரம் கேட்டவர், கிடைத்த ஆதாரத்துக்குப் பதில் சொல்லாமல் புதுக் கேள்விக்குப் போனால் அந்த உரையாடல் நிறுத்தப்படும்." "சாதி, மதம், கட்சி பற்றிய பேச்சு, யார் ஆரம்பித்தாலும், நீக்கப்படும்." மூணு நாலு விதி போதும், பதினஞ்சு எழுதினா ஒருத்தரும் படிக்கமாட்டாங்க.

---

பழைய_அரட்டை

விதியை மேலே பின் செய்வது பற்றி ராகினி சொன்னதோடு ஒரு தகவல். நேதன் மத்தியாஸ் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் அறிவியல் பிரிவில் செய்தது. விவாதங்களின் உச்சியில் விதிகளைத் தெரியும்படி வைத்ததும், புதியவர்கள் விதியை மீறாமல் எழுதுவது 8 சதவீதப் புள்ளிக்கும் மேல் கூடியது. கட்டுப்பாட்டைப் பார்த்துப் புதியவர்கள் பயந்து ஓடவும் இல்லை; எழுத வந்த புதியவர்களின் எண்ணிக்கை ஏறத்தான் செய்தது.

---

எட்டிப்பார்த்தவன்

எல்லாரும் அந்த ஆளைப் பற்றியே பேசுகிறீர்கள். அட்மின்கள் செய்யும் கூத்தையும் கொஞ்சம் பேசலாம். பல குழுக்களில் ட்ரோல் என்று முத்திரை குத்தி நீக்கப்படுபவர், அட்மின் விற்கும் விதைப் பாக்கெட் முளைக்கவில்லை என்று எழுதியவர்தான். சந்தேகம் கேட்பவரை நீக்க வேண்டுமென்றால், குழுவில் எதையும் விற்காத அட்மின் ஒருவர் முடிவெடுக்கட்டும்.

விற்பனை என்றதும் இன்னொன்று. வம்புக்காரர் எல்லாரும் பொழுதுபோக்குக்காக வருபவர்கள் இல்லை. எல்லார் விதையையும், எல்லார் உரத்தையும் குழுவில் மட்டம் தட்டிவிட்டு, நொந்துபோனவரின் தனிப்பெட்டியில் "என்கிட்ட நல்ல சரக்கு இருக்கு" என்று நுழைபவர்கள் உண்டு. அவர் யாருக்காவது தனியாக எழுதியிருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். அப்படியானால் இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், அது வெறும் விளம்பரத் தொல்லை. உடனே நீக்கலாம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

---

மாடித்தோட்டக்காரி_கோவை

எல்லாருக்கும் நன்றி. விதிகளை மாற்றி எழுதப் போகிறோம். விசாரித்ததில் விற்பனை எதுவும் இல்லை. ஆனால் வேறொன்று தெரியவந்தது: இரண்டு பெண் உறுப்பினர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறார். ஒருவர் பதில் போடாமல் இருந்தும் விடாமல் அனுப்பியிருக்கிறார். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் கிளைக் குழுவும் உண்டு; எண்ணை அங்கிருந்து எடுத்திருக்கிறார். நீக்கினால் "அட்மின் மேல கேஸ் போடுவேன்" என்று முன்பே சொல்லியும் இருக்கிறார். வேறு பெயரில் திரும்ப வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

---

மதுரை_வக்கீல்

தனிச் செய்தி விஷயம் வேறு தரம். அங்கே எச்சரிக்கை வரிசையெல்லாம் பார்க்க வேண்டியதில்லை. ஒரே நடவடிக்கையில் இரு குழுக்களிலிருந்தும் நீக்குங்கள். ஒரு பெண் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பிறகும் தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 78-ன்கீழ் வரும் குற்றம். அனுப்பிய செய்தியில் பெண்ணை இழிவுபடுத்தும் சொற்கள் இருந்தால் பிரிவு 79-ஐயும் பார்க்கவேண்டும். மிரட்டல் இருந்தால் 351. பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டினால் 351(4)-ன்கீழ் கூடுதல் தண்டனை உண்டு. யாரோ எழுதிக்கொடுத்தார்கள் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைப் புகாரில் போடாதீர்கள். அதை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ல் ரத்து செய்துவிட்டது. இன்றும் புகார் மனுக்களில் அதைப் பார்க்க முடிகிறது.

புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பெண்களின் முடிவு. நீங்கள் அவர்கள் சார்பில் குழுவில் அறிவிக்காதீர்கள். அவர்கள் இப்போதே செய்யவேண்டியது: "இனி எனக்கு எழுதவேண்டாம்" என்று ஒரே ஒரு தெளிவான செய்தி அனுப்பவேண்டும். பிறகு எண், தேதி, நேரம் மூன்றும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கவேண்டும். உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் வைக்கவேண்டும். அதற்கு மேல்தான் பிளாக் செய்வது. பலர் கோபத்தில் உரையாடலையே அழித்துவிட்டு வருகிறார்கள், கையில் ஒன்றும் இருப்பதில்லை. ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அந்த போனும் இருக்கவேண்டும். மின்னணுச் சாட்சியத்துக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி சான்றிதழ் தேவைப்படும். புகாரை தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். 1930 என்ற எண்ணை எல்லாரும் சொல்வார்கள். அது முதன்மையாகப் பண மோசடிக்கானது.

அட்மின் மேல் வழக்கு என்ற மிரட்டலுக்குப் பயப்படத் தேவையில்லை. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மினாக இருந்த காரணத்தால் மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2021-லும், கேரள உயர் நீதிமன்றம் 2022-லும் சொல்லியுள்ளன. கரூர் வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு தொடர்பான வழக்கில் நமது மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் இதே நிலையைத்தான் எடுத்தது. அட்மினாக இருந்ததைத் தவிர, அந்தப் பதிவில் அவர் வேறு பங்கும் வகித்தாரா என்பதுதான் கேள்வி. எனவே மோசமான பதிவுக்கு நீங்கள் சிரிப்புப் பொம்மை போடாதீர்கள், வேறு குழுவுக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். தனியார் குழுவிலிருந்து ஒருவரை நீக்கியதற்காகக் குற்ற வழக்கு போட இடமில்லை.

---

ராகினி_மாடரேட்டர்

வாட்ஸ்அப் கிளைக் குழு இருக்குன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்! ஓட்டை அங்கதான். சாதாரண வாட்ஸ்அப் குழுவுல சேர்ந்தவங்க எண் வழக்கமா அத்தனை பேருக்கும் தெரியும். டெலிகிராம்ல மறைக்கலாம்: செட்டிங்ஸ், பிரைவசி, போன் நம்பர், அதுல "நோபடி". எல்லா உறுப்பினருக்கும் இதைப் படத்தோட போடுங்க. வாட்ஸ்அப் குழுவை உள்ளூர் விதைப் பரிமாற்றத்துக்கு மட்டும் வெச்சுக்கங்க, இல்ல மூடிடுங்க.

நீக்கினவுடனே ரெண்டு இடத்துலயும் அழைப்பு இணைப்பை மாத்துங்க, பழைய இணைப்பு எங்கெல்லாம் சுத்துதுன்னு உங்களுக்குத் தெரியாது. புது இணைப்புல அட்மின் ஒப்புதல் வெச்சுடுங்க, ரெண்டு செயலியிலயும் அந்த வசதி இருக்கு. சேர வர்றவங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "எந்த ஊர், இப்ப தொட்டியில என்ன இருக்கு?" செடி வளர்க்கிறவங்க பத்தி பத்தியா எழுதுவாங்க. வம்புக்கு வர்றவர் "எல்லாம்தான்"னு ஒரு வார்த்தையில முடிப்பார். நூத்துக்கு நூறு சரியா வராது, ஆனா வடிகட்டும்.

வேற பேர்ல வந்தா: புது ஆள் வந்தவுடனே பழைய சண்டையைத் தெரிஞ்ச மாதிரி பேசுறாரா பாருங்க. எழுத்துல பழக்கம் மாறாது. ழ வர்ற இடத்துல ள போடுறது, புள்ளி ரெண்டு ரெண்டா வெக்கிறது, தமிழை ஆங்கில எழுத்துல அடிக்கிறப்ப "illa"வா "ila"வா மாதிரியான எழுத்துக்கூட்டல், எப்பவும் போடுற அதே பொம்மை. பழைய பதிவு பத்தும் புதுப் பதிவு பத்தும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆனா ழ-ள குழப்பம் மட்டும் வெச்சு யாரையும் தூக்கிடாதீங்க, பாதித் தமிழ்நாடு அப்படித்தான் எழுதுது. மூணு அடையாளமாவது ஒத்துப்போகணும். ஒத்துப்போனாலும் "நீ அவன்தானே"ன்னு குழுவுல கேக்காதீங்க. மறுத்துப் பேசவே நாலு நாள் எடுத்துப்பார். புது ஆள் விதியை மீறினா புது ஆளுக்கான நடவடிக்கை, அவ்வளவுதான். மீறாம ஒழுங்கா கத்தரிக்காய் படம் போட்டுட்டு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஆனா அந்தப் பெண்களுக்குத் தொந்தரவு குடுத்த ஆள்தான்னு உறுதியா தெரிஞ்சா அந்தச் சலுகை கிடையாது, அன்னைக்கே வெளியே.

கடைசியா, அட்மின் யாரும் தனியா ராத்திரி பதினோரு மணிக்கு முடிவெடுக்காதீங்க. அட்மின்களுக்குன்னு தனிக் குழு வெச்சு, ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் சரின்னா மட்டும் நீக்கம். அதுவரைக்கும் எழுதுற அனுமதியை நிறுத்தி வைக்கலாம், காலைல பாத்துக்கலாம்.